வகுப்பறையிலும் அரைப்பேரா?



கொழுந்து மடுவத்தில் தராசு சொல்லும் கணக்கு நம் எல்லோருக்கும் தெரியும். போட்ட கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். காலையில் பெரட்டுக்குப் போய், மழையில் நனைந்து, அட்டைக் கடியோடு நாள் முழுக்க மலையில் நின்றதைத் தராசு பார்ப்பதில்லை. அப்போது நாம் என்ன கேட்கிறோம்? "இது கவாத்து வெட்டி இப்போதுதான் துளிர்க்கிற மலை. அது நல்ல கொழுந்து மலை. இரண்டுக்கும் ஒரே கிலோவை எப்படிப் போடலாம்?" என்று கேட்கிறோம். செங்குத்து மலை, புல் மண்டிய மலை, வரட்சிக் காலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி வாதாடுகிறோம். நமது தோட்டக் கமிட்டிகள் துரைமாரோடு பேசிய பேச்சில் பெரும்பங்கு இந்தக் கிலோவைப் பற்றியதுதான்.

இந்த நியாயத்தை நமது பிள்ளைகளின் வகுப்பறைக்குக் கொண்டுபோக நாம் மறந்துவிட்டோம். அங்கேயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கிலோதான். ஒரே பாடம், ஒரே வேகம், ஒரே தவணைப் பரீட்சை. எட்டாத பிள்ளைக்கு "மக்கு" என்று பெயர். அது அரைப்பேரை விடக் கொடியது. அரைப்பேர் அந்த நாளோடு போகும். இந்தப் பெயர் பிள்ளையோடு ஆயுசுக்கும் நிற்கும்.

இதை எழுதும் நாங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள், சங்கத்திலும் வேலை செய்கிறவர்கள். ஆகவே முதல் குற்றச்சாட்டை எங்கள் மீதே வைத்துத் தொடங்குகிறோம்.

சில வருடங்களுக்கு முன் தரம் 4இல் ஒரு பையன் இருந்தான். வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துச் சொல்லுவான். "கொடி" என்று எழுதச் சொன்னால் "கெடி" என்று எழுதுவான். கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதும்போது ஒரு வரி காணாமல் போகும். நேற்றுச் சரியாக எழுதிய சொல்லை இன்று பிழையாக எழுதுவான். அதனால்தான் எங்களுக்குக் கோபம் வந்தது. "நேற்றுத் தெரிந்தது இன்று எப்படித் தெரியாமல் போகும்? சோம்பேறி" என்று முடிவு கட்டினோம். எழுப்பி நிற்க வைத்தோம். கடைசி வாங்குக்கு அனுப்பினோம். பிரம்பாலும் அடித்திருக்கிறோம். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தோம்.

பையனுக்குத் திங்கட்கிழமைகளில் வயிற்று வலி வரத் தொடங்கியது. பிறகு கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள் வரவில்லை. ஒரு நாள் பின்னேரம் லயத்துக்குத் தேடிப் போனோம். அவன் கொழுந்து மடுவத்தில் பாட்டியோடு நின்றான். பாட்டி மூன்று முறை நிறுத்த கொழுந்தையும் கூட்டி, சாக்குக்கும் ஈரத்துக்கும் வெட்டுகிற கிலோவைக் கழித்து, எத்தனை கிலோ தேறும் என்று தராசு முடியுமுன்னே சொல்லிக்கொண்டிருந்தான். முந்தைய நாள் கணக்கும் அவனுக்கு நினைவிருந்தது. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு நாங்கள் அவனுக்குப் போட்ட புள்ளி பதினொன்று. வினாவை வாசிக்க முடியாத பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று புள்ளி போட்டிருக்கிறோம்.

அவனுடைய அம்மா எங்களோடு அதே பாடசாலையில், அதே வகுப்பில் படித்தவர். அவரும் கடைசி வாங்குதான். நாங்களும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். அன்று அவர் சொன்னார்: "எனக்கும் மண்டையில ஏறல டீச்சர். அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டிட்டாங்க. எங்க பரம்பரைக்கே படிப்பு வராது. இவன கொழும்புல ஒரு கடையில சேத்துவிடலாம்னு இவங்க அப்பா சொல்றாரு."

ஒன்பது வயதுப் பிள்ளையின் எதிர்காலம் இப்படித்தான் நமது காம்பராக்களில் முடிவாகிறது. பாடசாலை கைவிட்ட பிள்ளையைக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் பிடிக்கிறவன் வந்து கூட்டிப் போகிறான்.

கற்றல் இடர்பாடு என்றால் என்ன?

அந்தத் தாய் சொன்னதில் ஒரு பாதி உண்மை. வாசிப்பதிலும் எழுதுவதிலும் கணக்கிலும் வருகிற கற்றல் இடர்பாடு குடும்ப வழியாக வரக்கூடியதுதான். ஆனால் அது புத்திக் குறைவல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. பேச்சுத் திறமையும் நினைவாற்றலும் நன்றாக உள்ள பிள்ளைக்கும் எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பது கடினமாக இருக்கலாம். வாசிப்பில் வரும் இந்த இடர்பாட்டை டிஸ்லெக்சியா என்பார்கள். கணக்கில் மட்டும் வருவதும் உண்டு. ஓரிடத்தில் இருக்கவோ ஒன்றில் கவனம் வைக்கவோ முடியாத பிள்ளைகளும் உண்டு. பாடசாலை வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை ஏதோ ஒரு கற்றல் இடர்பாடு உள்ளவர்கள் என்று மருத்துவத் துறை சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் குறைந்தது ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். உங்கள் தோட்டப் பாடசாலையிலும் இருப்பார்கள்.

நமது எழுத்தையே பாருங்கள். 247 எழுத்து. "கொ" என்று சொல்லும்போது "க்" முன்னால் வருகிறது, "ஒ" பின்னால் வருகிறது. எழுதும்போது கொம்பு இடப்பக்கம் முதலில் வருகிறது, கால் வலப்பக்கம் கடைசியில் வருகிறது. காது கேட்கும் வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறொன்று. ல, ள, ழ மூன்றையும் லயத்தில் நாம் வேறுபடுத்திப் பேசுவதும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் பழகப் பழகப் பிடித்துக்கொள்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு இதைப் பிரித்துப் பிரித்து, மெதுவாக, பல தடவை காட்ட வேண்டும். காட்டினால் அவர்களும் வாசிப்பார்கள்.

பின்தங்குகிற எல்லாப் பிள்ளைக்கும் இந்த இடர்பாடுதான் என்றும் நினைத்துவிடக் கூடாது. கண் பார்வை குறைந்த பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது. காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு டீச்சர் சொல்வது பாதிதான் கேட்கும். எங்கள் வகுப்பில் "கவனமில்லாத பிள்ளை" என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்குக் காதில் நெடுநாள் நோய் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்து, முன்வாங்கில் உட்கார வைத்த பிறகு அந்தப் பிள்ளையின் "கவனம்" தானாக வந்தது. காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளை, இரத்தச்சோகை உள்ள பிள்ளை, விடியுமுன் எழுந்து தண்ணீர் எடுத்துத் தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு வருகிற பிள்ளை, இவர்களும் வகுப்பில் தூங்கி விழத்தான் செய்வார்கள். ஆகவே பெயர் வைக்குமுன் காரணத்தைத் தேட வேண்டும். முதலில் கண், அடுத்தது காது, பிறகு வயிறு. இவை மூன்றும் சரியாக இருந்தும் எழுத்து வரவில்லை என்றால் கற்றல் இடர்பாடாக இருக்கலாம்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

உட்படுத்தல் கல்வி என்று கல்வித் திணைக்களத்தில் ஒரு சொல் உண்டு. எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல், ஒரே வகுப்பறையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவையான உதவியைக் கொடுத்துப் படிப்பிப்பது என்று அதற்குப் பொருள். பெரிய பாடசாலைக்கும் நகரத்துக்கும் மட்டும் உரியதென்று நாங்களும் நினைத்திருந்தோம். விசேட கல்வி பற்றிய ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு அந்தப் பையனோடு சிலவற்றைச் செய்து பார்த்தோம். எதற்கும் காசு தேவைப்படவில்லை.

அவனை முன்வாங்குக்குக் கொண்டு வந்தோம். எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசிக்கச் சொல்வதை நிறுத்தினோம். ஒரு மட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளத் துளை வெட்டிக் கொடுத்தோம். அதைப் புத்தகத்தில் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும், கண் அடுத்த வரிக்குத் தாவாது. தட்டில் மணலைப் பரப்பி, எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைத்தோம். நமது பாட்டன்மார் மணலில் எழுதிப் படித்தவர்கள்தானே. கணக்கு வினாக்களை நாங்களே வாசித்துக் காட்டி, விடையை வாயால் சொல்லச் சொன்னோம். மற்றவர்களுக்குப் பத்துச் சொல் என்றால் அவனுக்கு நான்கு சொல். அந்த நான்கையும் சரியாகப் படித்த பிறகு அடுத்த நான்கு. நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளையை அவனுக்குத் துணையாக உட்கார வைத்தோம்.

என்ன நடந்தது என்று உள்ளபடியே சொல்கிறோம். அவன் மேதையாகிவிடவில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டவும் இல்லை. ஆனால் வருட முடிவில் தரம் 2 புத்தகத்தைத் தானாக வாசித்தான். திங்கட்கிழமை வயிற்று வலி நின்றது. கடைக்குப் போகவில்லை, தரம் 6க்குப் போனான். ஒரு மாதச் சம்பள நாளில் அம்மாவின் சம்பளச் சீட்டை எழுத்துக் கூட்டி வாசித்து, எதற்கெல்லாம் காசு வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். அந்தத் தாய் எங்களிடம் வந்து சொன்ன அந்தச் செய்தியை நாங்கள் எந்தப் பெறுபேற்றை விடவும் பெரிதாக எண்ணுகிறோம்.

சொல்லப்படும் தடைகள்

"இருக்கிற பிள்ளைகளுக்கே ஆசிரியர் இல்லை, இதில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகப் படிப்பிப்பதா?" என்று எங்கள் சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இரண்டு வகுப்பை ஒரே ஆசிரியர் பார்க்கும் பாடசாலைகள் நம்மிடையே உண்டு. மாதம் ஆறாயிரம் ரூபாய்க் கொடுப்பனவுக்கு ஆசிரியர் உதவியாளர்களாகச் சேர்ந்து, நிரந்தர நியமனத்துக்காகத் தெருவில் நின்று போராடியவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆசிரியர் மீது எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டுப் போக நாங்கள் சொல்லவில்லை. ஆளணி கேட்டுப் போராடுவோம். ஆனால் "மக்கு" என்று சொல்லாமல் இருப்பதற்கும், பிரம்பைக் கீழே வைப்பதற்கும், ஒரு பிள்ளையை முன்வாங்குக்கு அழைப்பதற்கும் மேலதிக ஆளணி வேண்டாம்.

"மெல்லப் படிக்கும் பிள்ளைக்காக நின்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்தங்குவார்கள்" என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. பிரித்துச் சொல்லிக் கொடுத்தபோது நடுவாங்குப் பிள்ளைகளுக்கும் பாடம் விளங்கியது. துணையாக உட்கார்ந்த பிள்ளை, சொல்லிக் கொடுத்ததாலேயே தன் பாடத்தை நன்றாகப் படித்தது.

மூன்றாவது தடை புலமைப்பரிசில் பைத்தியம். தரம் 5இல் எத்தனை பேர் சித்தி என்பதை வைத்தே பாடசாலையையும் ஆசிரியரையும் நாம் அளக்கிறோம். பதாகை கட்டுகிறோம். அந்தப் பதாகையில் இல்லாத பிள்ளைகள் அடுத்த நாள் எந்த முகத்தோடு பாடசாலைக்கு வருவார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. சித்தியடைந்த பிள்ளைகளை வாழ்த்துவோம். அதோடு, தரம் 5 முடியும்போது எத்தனை பிள்ளைகள் வாசிக்கத் தெரியாமல் போகிறார்கள் என்ற கேள்வியையும் அதிபரிடம் கேட்போம்.

இது சலுகை அல்ல

1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது அது தோட்டங்களுக்கு வரவில்லை. 1970களில் அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கும் வரை நமது பள்ளிக்கூடங்கள் துரைமாரின் தயவில் கிடந்தன. நாட்டுக்குப் பொதுவான ஓர் உரிமை நமக்கு ஒரு தலைமுறை பிந்தி வந்தது. இந்த உரிமையும் அப்படிப் பிந்தக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பாடசாலையில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியை அதன் 24ஆவது உறுப்புரை கேட்கிறது. அதே 2016இல் கட்டாயக் கல்வி வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையைப் 16 வயது வரை பாடசாலையில் வைத்திருக்கச் சட்டம் பெற்றோரைக் கட்டாயப்படுத்துகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிப் படிப்பிக்க அரசும் கடமைப்பட்டிருக்கிறது. பரீட்சைத் திணைக்களமும் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற வசதிகளைக் கொடுக்கிறது. அதற்கு வைத்தியச் சான்றிதழோடு, அதிபர் ஊடாக, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இந்த வசதி இருப்பதே நமது பெற்றோரில் பலருக்குத் தெரியாது. பரீட்சைக்கு முதல் மாதம் ஓடித் திரிவதில் பயனில்லை.

சான்றிதழ் வாங்குவதும் லேசல்ல. பரிசோதனைக்கு நகர ஆஸ்பத்திரிக்கும், சில வேளை கண்டிக்கும் கொழும்புக்கும் போக வேண்டும். அங்கே தமிழில் பேசி, தமிழ் எழுத்தை வைத்துப் பிள்ளையைப் பரிசோதிக்கக்கூடியவர் கிடைப்பது அரிது. போகிற நாளில் தாய்க்குப் பேர் இல்லை, பஸ் காசு வேறு. ஒரு கிளினிக்குக்கு மூன்று தடவை போகச் சொன்னால் மூன்று நாள் சம்பளம் போகிறது. "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று பாடசாலைக் கூட்டங்களில் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். இது சம்பளப் பிரச்சினையாகவும் இருப்பதால்தான் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறோம்.

சங்கம் கேட்க வேண்டியவை

1. கல்வி வலயம் ஒவ்வொன்றிலும், தோட்டப் பாடசாலைகளுக்குக் கிரமமாக வந்து பார்க்கக்கூடிய, விசேட கல்வியில் பயிற்சி பெற்ற தமிழ்மொழி ஆசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும்.

2. கொட்டகலை ஆசிரியர் கலாசாலை, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் பயிலும் ஒவ்வொரு ஆசிரியரும் கற்றல் இடர்பாட்டை இனங்காணும் செய்முறைப் பயிற்சியோடு வெளிவர வேண்டும். ஏற்கெனவே கடமையில் உள்ள எங்களுக்கும் அந்தப் பயிற்சி வேண்டும்.

3. பாடசாலை மருத்துவப் பரிசோதனை தோட்டப் பாடசாலைகளில் தவறாமல் நடக்க வேண்டும். கண், காது பரிசோதனையில் குறை கண்ட பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடியோ சிகிச்சையோ கிடைக்கும் வரை ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

4. மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் தமிழில் பரிசோதித்துச் சான்றிதழ் தரும் கிளினிக் வேண்டும்.

5. பிள்ளையின் கிளினிக் நாளிலும், பாடசாலை எழுத்து மூலம் அழைக்கும் நாளிலும் தாய்க்கோ தகப்பனுக்கோ பேர் வெட்டக் கூடாது. இதைக் கம்பனிகளோடு பேசும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. அண்ணன் பிள்ளையோடும் அடுத்த காம்பராப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பிள்ளை தரம் 2 முடிந்தும் எழுத்துக் கூட்ட முடியாமல் தவித்தால், "வளர வளரச் சரியாகும்" என்று விடாமல் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று என்ன படித்தாய் என்று வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கிற ஆசிரியரிடம் "அடிக்காதீங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள், எங்களிடமாக இருந்தாலும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் கிலோ, பேர், கூரைத் தகரம் பற்றிப் பேசி முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். பாடசாலையைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதிபரையும் ஆசிரியர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். மாதர் அணித் தோழியர் அன்றே ஒரு கொப்பியில், பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகள் யார், எந்த லயம், ஏன் நின்றார்கள் என்று எழுதட்டும். அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போக நாங்கள் தயாராக இருக்கிறோம்.

எங்கள் பழைய வகுப்புத் தோழி, அந்தப் பையனின் அம்மா, எங்கள் தோட்டத்தில் அந்தக் கொப்பிக்கான விபரங்களை லயம் லயமாகக் கேட்டுச் சேர்க்கிறார். அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். எழுத்துப் பிழை இருக்கிறது. பெயர் எதுவும் விடுபடவில்லை.